உப்புக்கு நேரே பூஜ்யம்

என் அண்ணன் தராசு பழுது பார்க்கிறவன். கடைத்தெருவில் அவனுக்கு ‘அரைகிராம்’ என்று பெயர். அரை கிராம் வித்தியாசத்துக்காக ஒரு மளிகைக் கடைக்காரரிடம் முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றதால் வந்த பெயர் அது. அரை கிராமில் நான் மாடி வீடா கட்டப்போகிறேன் என்று அந்த மனிதர் அலுத்துக்கொண்டாராம். கட்டமாட்டீர்கள்தான், ஆனால் தராசு பொய் சொல்கிறதே என்றானாம் இவன். அன்றிலிருந்து தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு கிராம் என்று கூப்பிட்டிருந்தால்தான் வருந்தியிருப்பான்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. கோடையிலும் அங்கே மின்விசிறி ஓடாது, ஜன்னல் திறக்காது. காற்றுப் பட்டால் தட்டு ஆடும். மேசைமேல் ஒரு மரப்பெட்டி, அதற்குள் கறுப்பு வெல்வெட் துணியில் சின்னதும் பெரிதுமாகப் பித்தளை எடைக்கற்கள். அவை பொருள் நிறுப்பதற்கு அல்ல, மற்ற எடைக்கற்களைச் சோதிப்பதற்கு. வீட்டில் அவற்றுக்குத் தாய்க்கல் என்று பெயர். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், தொட்டுத் தொட்டுத் துடைத்தால் தேயும் என்பதால் இடுக்கியால்தான் எடுப்பான். பழுதுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடம் ஒரு வசனத்தைச் சொல்லாமல் அனுப்பமாட்டான்: ஒரு கல் சரியா என்று அந்தக் கல்லை வைத்தே பார்க்க முடியாது, இன்னொரு கல் வேண்டும்.

நான் பஸ் டிப்போவில் எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர் என்று அட்டவணை போடுகிறவள். அண்ணனைவிட நாலு வயது சின்னவள். இன்றைக்கு எனக்கு நாற்பது, இன்னமும் அவனுக்கு நான் பாப்பா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் அண்ணன்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

அவனுக்கு முப்பத்தொன்று நடந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அவரைக் கீழ்வீட்டுக்காரர் என்றான். எங்கள் வீடு ஒற்றைத் தளம். கீழே வீடு கிடையாது, மண்தான் இருக்கிறது. ஆனாலும் தரைக்கு அடியிலிருந்து ஒரு பெரியவர் பேசுவதாகவும், அவர் நிதானமான மனிதர் என்றும், குரலை உயர்த்தவே மாட்டார் என்றும் சொன்னான். பேச்சில் எப்போதும் அவருக்கு மரியாதை கொடுப்பான். அவர் சொன்னார், அவர் கேட்டார் என்பான். ஒண்டக் குடி வந்தவனுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவன் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, “பேய் இல்ல பாப்பா. குடித்தனக்காரர்” என்றான்.

ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மனச்சிதைவு. மாத்திரை கொடுத்தார்கள். ஏழு வாரத்தில் குரல் தேய்ந்து, சுவருக்கு அப்பால் யாரோ பேசுகிற மாதிரி ஆனது. கூடவே இன்னொன்றும் ஆனது. அண்ணனின் கை நடுங்க ஆரம்பித்தது. இடுக்கியால் இருபது மில்லிகிராம் கல்லை எடுப்பான், அது தட்டில் விழாமல் மேசையில் விழும். ஒரு மத்தியான வேளையில் அப்படி விழுந்த கல்லைத் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். ரொம்ப நேரம் தேடினான். தேடி எடுத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவன் மாத்திரையை விழுங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. தினமும் வாயில் போட்டுக்கொண்டான், தண்ணீர் குடித்தான். யாரும் வாங்க வராத பழைய தராசு ஒன்று மூலையில் கிடந்தது. தூசி தட்டலாம் என்று ஒரு நாள் தூக்கினேன், உள்ளே கலகலவென்றது. திருப்பிக் கவிழ்த்தால் நாற்பத்தொரு மாத்திரைகள்.

அதே வாரம் அவன் கடைத்தெருவுக்குப் போய்ப் பதினொரு கடைகளில் தராசு முத்திரையை உடைத்துவிட்டான். ஒவ்வொரு தராசுக்குள்ளும் ஆள் உட்கார்ந்து அழுத்துவதாகக் கீழ்வீட்டுக்காரர் சொன்னாராம். யாரையும் அவன் தொடவில்லை, திட்டவும் இல்லை. ஒவ்வொரு கடையிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உடைத்திருக்கிறான். பன்னிரண்டாவது கடை, அந்த அரைகிராம் மளிகைக்காரருடையது. அவர் இவனை நாற்காலியில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, டிப்போவுக்குப் போன் செய்தார். நான் போனபோது அண்ணன் சோடாவைக் குடிக்காமல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி, ஊசி, திரும்பவும் வீடு, திரும்பவும் மாத்திரை, திரும்பவும் நடுக்கம். அவன் நிறுத்துவான், நான் கண்டுபிடிப்பேன், சண்டை வரும். நான் கத்துவேன், அவன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பான். இப்படி எட்டு வருஷம் ஓடியது.

சித்திதான் அந்த வழியைச் சொன்னாள். “அவன்கிட்ட ஏன் கேட்டுக்கிட்டு நிக்குற? பொடி பண்ணிப் பால்ல போடு. சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடப் போடு. அவன் நல்லதுக்குத்தானே” என்றாள். சித்தியைக் குறை சொல்லி என் கணக்கைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. அவள் வாயால் சொன்னாள், கையால் செய்தது நான். டம்ளரின் அடிப்பாகத்தால் மாத்திரையை நசுக்கி, பாலில் கரைத்து, தினமும் மாலை ஏழு மணிக்குக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் போய் மாத்திரைச் சீட்டை நானே புதுப்பித்துக்கொண்டு வருவேன். அண்ணன் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்பார். ஆமாம் என்பேன். அண்ணனிடம், இனி மாத்திரை பற்றிப் பேசவே மாட்டேன், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். என் தங்கைக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று அவன் சந்தோஷப்பட்டான்.

இரண்டாவது வாரம், பால் டம்ளரைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் என்னைப் பார்த்தான்.

“பாப்பா, கீழ்வீட்டுக்காரர் இதுல ஏதோ கலந்திருக்குன்னு சொல்றாரு.”

நான் அடுப்பை அணைக்கத் திரும்பினேன்.

“எனக்குத் தெரியும், உடம்பு சரியில்லாதப்ப என் கல்லு தேஞ்சிருக்கும். என்னை வச்சு என்னையே சோதிக்க முடியாது. அதனால உன்னைக் கேக்குறேன். நீ சொல்றதை நான் எடுத்துக்குறேன். அவர் சொல்றதை இல்ல.”

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய மரியாதை கொடுத்ததில்லை. தாய்க்கல்லை வைக்கிற இடத்தில் என்னை வைத்தான். நான் என்ன செய்தேன்?

“ஒண்ணும் கலக்கலண்ணா. வெறும் பால். உன் வியாதிதான் அப்படிப் பேசுது” என்றேன். சொன்னது போதாதென்று டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிப் பாதியைக் குடித்தும் காட்டினேன். மீதியை அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தான்.

மறுநாள் டிப்போவில் எனக்குக் கண் இமை ஒட்டிக்கொண்டு போனது. பேனா கையில் இருக்கிறது, கை யாருடையது என்று தெரியவில்லை. அந்த நிலையில் நான் போட்ட அட்டவணையில் ஒரே ஓட்டுநர் ஆறு பத்துக்கு இரண்டு பஸ்களை, இரண்டு வேறு திசையில் ஓட்டினார். “எனக்கு ரெண்டு உடம்புன்னு எனக்கே தெரியாதும்மா” என்றார் அந்த ஓட்டுநர். டிப்போவே ஒரு வாரம் சிரித்தது. வீட்டில் சொன்னபோது அண்ணனும் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். பாதி டம்ளர் எனக்கு இவ்வளவு செய்ததென்றால், தினமும் முழு டம்ளர் குடித்துவிட்டு இவன் எப்படி வேலை செய்கிறான் என்று அப்புறம்தான் நினைத்தேன். நினைத்து என்ன, அடுத்த நாளும் நசுக்கினேன்.

எட்டு மாதம். கீழ்வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்தினார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் அதற்கு வயது ஆகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு பெரிய தராசுகளாக எடுத்து வேலை பார்த்தான். மாத்திரை இல்லாமலே எனக்குச் சரியாகிவிட்டது பார்த்தாயா என்று பெருமையாகச் சொன்னான். அவனோடு நான் கழித்த வருஷங்களில் அந்த எட்டு மாதம்தான் நல்ல காலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் மறைத்தது ஒரு சின்ன மாத்திரை, அதுவும் பாலில். மறைந்துவிட்டது என்றே நம்பினேன்.

அவன் குடித்து முடித்ததும் டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கழுவிவிடுவேன். ஒரு நாள் டிப்போவிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள், அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம், இரண்டு பேர் பால் டம்ளரையும் தானே கழுவுகிறேன் என்றான். எனக்கு உதவி செய்கிறான் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

அந்த வாரம் ஒரு பரிசோதனைச் சாலையின் நுண்தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற வகை, அவனிடம் பழுதுக்கு வந்திருந்தது. எட்டாம் நாள் காலையில் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். இடது பக்கம் என் டம்ளரின் அடியில் தங்கிய வண்டலின் எடை. ஏழு நாளும் பூஜ்யம். வலது பக்கம் அவனுடையது. அலசி, வடிகட்டி, காயவைத்து நிறுத்திருக்கிறான். முப்பத்தெட்டு மில்லிகிராம், நாற்பத்தொன்று, முப்பத்தாறு என்று ஏழு எண்கள், அவன் கையெழுத்தில், நடுங்கி நடுங்கி.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“கீழ்வீட்டுக்காரர் சொன்னது சரி. நீ சொன்னது தப்பு” என்றான். அவ்வளவுதான்.

அதோடு என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். உறை பிரிக்காத ரொட்டி வாங்குவான். தோலுள்ள பழம் வாங்குவான். முட்டையை ஓட்டோடு தானே வேகவைத்து, உரித்து, சமையலறை ஜாடியிலிருந்து உப்பு எடுத்துத் தொட்டுச் சாப்பிடுவான். குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பான். மூன்றாம் வாரம் கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார். முன்பு வந்தபோது அவர் வெறும் குரல். இப்போது அவர் உண்மை பேசுகிறவர். வருஷா வருஷம் தராசுக்கு முத்திரை குத்துவார்களே, அந்த மாதிரி அவருக்கு முத்திரை குத்திக் கொடுத்தது நான்தான். அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தரையில் படுத்துக் காதை வைத்துக்கொண்டிருப்பான். என்ன சொல்கிறார் என்று கேட்டால் சொல்லமாட்டான்.

ஒரு நாள் மத்தியானம், அவன் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, நானும் அதே இடத்தில் படுத்துக் காதை வைத்தேன். தரை குளிர்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. கீழே யாராவது இருந்தால், அந்த ஆளுக்கு என்னைப் பற்றித் தெரியும் என்று தோன்றியது.

ஏனென்றால் நான் திருந்தவில்லை. அதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அண்ணன் இளைத்துக்கொண்டே போனான், கண் உள்ளே போனது, ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் வாசல் கதவைப் பார்த்தான். எங்காவது போய்விடுவான் என்ற பயத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. ஒரு காலையில் மூன்று மாத்திரைகளைப் பொடித்து உப்பு ஜாடியில் கலந்துவிட்டேன். இரண்டு நாள் முட்டைக்குத் தொட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் ஜாடியை எடுத்துக் கழுவு தொட்டியில் கொட்டினான். “உப்பு வேணாம்னு சொல்றாரு” என்று எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னான். குழாயைத் திறந்துவிட்டான். நிறுத்துப் பார்க்க ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பட்டறையைத் திறந்தான். குளிக்காமல், தாடியும் மீசையுமாக, ஆனால் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தான். என்னை எதிரே உட்காரச் சொன்னான். தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்திருந்தான். ஒரு பக்கம் ‘பாப்பா’, மறு பக்கம் ‘கீழ்வீட்டுக்காரர்’.

“தப்பாப் போன கல்லைத் தூக்கி எறிய மாட்டாங்க” என்றான். “எவ்வளவு தப்புன்னு எழுதி வச்சுக்குவாங்க. தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்ச கல்லை வச்சு வேலை பார்க்கலாம். தெரியாத கல்லைத்தான் வச்சுக்கக் கூடாது. ரெண்டு பேரையும் சோதிக்கப்போறேன். நீ மறைக்காம சொல்லு.”

அந்த நிலையிலும், தலைக்குள் அத்தனை இரைச்சலோடும், அவன் நியாயமாக இருக்கப் பார்த்தான்.

பால் எத்தனை நாள் என்று கேட்டான். இருநூற்று நாற்பத்து மூன்று என்றேன். அட்டவணை போடுகிறவளுக்கு நாள் மறக்காது. என் பக்கத்தில் எழுதிக்கொண்டான். டாக்டரிடம் பொய் சொன்னாயா என்றான். எட்டு முறை என்றேன். எழுதினான். அன்றைக்குப் பாதி டம்ளர் குடித்தாயே, அதில் மருந்து இருப்பது தெரிந்துதான் குடித்தாயா என்றான். தெரிந்துதான் என்றேன். பென்சில் நின்றது.

“அதான் ஒரே ஆள் ரெண்டு பஸ்ஸா?” என்றான். உதட்டோரம் லேசாக இழுத்தது. பல வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் என் அண்ணனைப் பார்த்தேன்.

பிறகு கேட்டான். “உப்புலயும் போட்டியா?”

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியாது. ஒரு நொடிதான் இருக்கும். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் கோட்டுக்கு மறு பக்கம் அவர் பெயருக்குக் கீழே ‘பால், சரி’ என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அதற்குக் கீழே ‘உப்பு’ என்று எழுதி, இடம் விட்டிருந்தான். ஒரு தடவை சரியாகச் சொன்னவனைக் குருட்டாம்போக்கு என்று தள்ளிவிடலாம். இரண்டு தடவை சரியாகச் சொன்னவனை என் அண்ணன் சாகும்வரை விடமாட்டான்.

“இல்லண்ணா. உப்புல ஒண்ணும் போடல” என்றேன்.

என் கண்ணையே பார்த்தான். நானும் பார்வையை எடுக்கவில்லை. என் பக்கத்தில் உப்புக்கு நேரே பூஜ்யம் போட்டான். அவர் பக்கத்தில் உப்புக்கு நேரே தப்பு என்று எழுதினான். எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான்.

“அப்ப அவருக்கும் பிழை இருக்கு” என்றான் மெதுவாக. “ரெண்டு கல்லும் சரியில்ல. மூணாவதா ஒருத்தர்கிட்ட காட்டணும்.”

டாக்டரம்மாவிடம் அவனே பேசினான். கை நடுங்குவதைப் பற்றி எட்டு வருஷத்தில் முதல் முறையாக வாயைத் திறந்து சொன்னான். இருபது மில்லிகிராம் கல் எவ்வளவு பெரியது என்று விரலில் காட்டினான். அவர் மாத்திரையை மாற்றி, அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று எழுதினார். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் முன்னாலேயே செய்திருப்பேனே என்றார். அவனிடம் யாரும் கேட்டதில்லை. நான் போட்டாயா, போட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறேன், ஏன் போடவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பால் விஷயத்தைச் சொன்னபோது டாக்டரம்மா என்னைக் கடிந்துகொண்டார். இனி எதையும் மறைக்காதீர்கள் என்றார். தலையாட்டினேன். உப்பை அவரிடமும் சொல்லவில்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அண்ணன் தினமும் காலையில் பல் துலக்கியதும் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி, இடுக்கியால் எடுத்து நாக்கில் வைத்துக்கொள்கிறான். இடையில் ஒரு முறை போதும் என்று பத்து நாள் நிறுத்தினான், அவனே என்னிடம் சொன்னான், இருவருமாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். ஐம்பது மில்லிகிராம் கல்வரை இப்போது கை கேட்கிறது. அதற்குக் கீழே உள்ளதை வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறான். கடைத்தெரு மறுபடி அவனை அரைகிராம் என்று கூப்பிடுகிறது. அந்தத் தாளை மடித்துத் தாய்க்கல் பெட்டியில், வெல்வெட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். எனக்கு அது தெரியும். பட்டறையைப் பெருக்கும்போது அந்தப் பெட்டிப் பக்கம் நான் போவதில்லை.

அவன் மாத்திரை போட மறந்த நாளில் எனக்கு உடம்பு பதறுகிறது. அவனுக்காகத்தான் பதறுகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, கீழே இருப்பவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்பது. மண் தவிர ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறேன், நான், மாத்திரை எதுவும் தேவைப்படாதவள். அந்தப் பழமொழியை அண்ணன் முகத்துக்கு நேரே சொன்ன வாய் இது.

போன வாரம் காலையில் அண்ணன் சமையலறை வாசலில் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தான். நான் அவனுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கையால் சாப்பிடுகிறான்.

“அவர் பேசி நாலு வருஷம் ஆச்சு பாப்பா” என்றான். “சில நாள் நினைச்சுக்குவேன். நல்ல மனுஷன்தான். பால் விஷயத்துல எவ்வளவு சரியாச் சொன்னாரு. உப்பு விஷயத்துல மட்டும் ஏன் பொய் சொன்னாருன்னுதான் தெரியல.”

முட்டைக்கு உப்புத் தூவ எடுத்த கை அப்படியே நின்றது.

“மாத்திரை போட்டியாண்ணா?” என்று கேட்டேன்.

போட்டேன் என்று தலையாட்டினான். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான். நாக்கைத் தூக்கி, அதற்கு அடியிலும் காட்டினான். அவன் எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை.